காற்று நுழையாத சல்லடை

அன்று காலை, பூமியின் தென்கோடியில் இருக்கும் கஷேகோஸில் காற்று நின்றுபோயிருந்தது. எங்கள் ஊரில் காற்று நிற்பதென்றால் கல் முட்டை போட்ட மாதிரி. கோடை முழுக்கக் கூரைத் தகட்டைப் பிடுங்கி, குப்பைத் தொட்டியை உருட்டி, நடக்கிறவனைக் குனிய வைத்து ஆட்சி செய்யும் காற்று, நடுக்குளிர்காலமான ஜூலையில் மட்டும் நாலைந்து நாள் செத்தது போலக் கிடக்கும். அப்போதுதான் குளிர் எலும்புக்குள் இறங்கி உட்காரும். பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு என்று ரேடியோவில் சொன்னார்கள்.

நான் கொத்தனார். ஊருக்கு டான் நோலோ, அதாவது நோலோ ஐயா. மே கடைசியில் சாந்து உறையத் தொடங்கியதும் வேலையை நிறுத்திவிடுவார்கள். செப்டம்பர் வரை கை சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கிற மாதங்களில்தான், பேட்டைச் சங்கத்து மண்டபத்தில் நடக்கும் பிற்பகல் வகுப்பில், ஐம்பத்தேழு வயதில் எழுத்துக் கூட்டப் பழகினேன். இது இரண்டாவது குளிர்காலம்.

ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் யனினா நின்றாள். எங்கள் அடுத்த வீட்டுக்காரி. புருஷன் டாரியோ வடக்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை. பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் இங்கே. அப்போது அங்கே இருந்தான். நாலு வயது மகள் ஐலின் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குள் இருந்த பன்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"தலை பிளக்குது, டான் நோலோ. மூணு நாளா. இவளும் விடியக்காலம் ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. ஃப்ளூ போல. பூனைகூட எந்திரிக்க மாட்டேங்குது."

"பூனைக்கும் ஃப்ளூவா?" என்று கல்லாவிலிருந்தவள் சிரித்தாள். "எலி பிடிக்கச் சொல்லியிருப்பே, லீவு போட்டிருச்சு."

"வேடிக்கை என்னன்னா, வெளிய வந்தா தெளிஞ்சிருது. இதோ, இப்ப எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போனா திரும்பப் பிடிச்சிக்கும்."

"குளிர் உள்ள இறங்கியிருக்கு. வீட்ட நல்லா மூடி வை. திரைய முழுசா ஏத்தி விடு. தைல இலை போட்டுக் கொதிக்க விடு, சரியாப் போயிரும்" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். என் வாய்தான்.

திரை என்று நாங்கள் சொல்வது சுவரில் மாட்டும் கேஸ் கணப்பை. ஓட்டை ஓட்டையான பீங்கான் பலகை செக்கச் செவேலென்று கனலும். அதன் மேல் ஒரு பழைய தகர டப்பாவில் தண்ணீரும் தைல இலையும் வைத்துவிட்டால் வீடே மணக்கும். அதற்குப் புகைக்குழாய் கிடையாது. சுடுகிற சூடு அத்தனையும் அறைக்குள்ளேயே நிற்கும். குழாய் வைத்த கணப்புக்காரனைப் பார்த்து எங்கள் தெருவில் கேலி செய்வார்கள்: "பாவம், முனிசிபாலிட்டி ரோட்டுக்கு இவன்தான் சூடு ஏத்துறான்."

திரை மாட்டிய அறையில் சுவரில் இரண்டு துளை இருக்க வேண்டும், கீழே ஒன்று, மேலே ஒன்று, அதன் மேல் சல்லடைத் தகடு. கேஸ் கம்பெனியின் சட்டம் அது. படுக்கிற அறையில் திரையே கூடாது என்பதும் சட்டம். சோதனைக்காரர் வருகிற நாளில் கட்டிலைத் தூக்கி முன்னறையில் போட்டுவிட்டு, பின்னறையில் ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் வைத்து, "இங்கதான் சாப்பிடுவோம்" என்று சொல்வது எங்கள் பேட்டையில் எல்லாரும் செய்வது. யனினா வீட்டுக் கட்டிலை ஒரு பக்கம் தூக்கியவன் நான்.

அந்தப் பின்னறையைக் கட்டியவனும் நான். துளை இரண்டையும் ஒழுங்காகத்தான் போட்டேன். சோதனையும் முடிந்தது. நவம்பரில் காற்று தொடங்கியது. கீழ்த் துளை வழியாக மண்ணும் குளிரும் நேரே குழந்தையின் கட்டிலுக்கு வந்தன. திரையின் நெருப்பு நாளைக்கு மூன்று முறை அணைந்தது. யனினா வந்து நின்றாள். "ஏதாச்சும் பண்ணுங்க, டான் நோலோ. புள்ள மூஞ்செல்லாம் மண்ணு."

மற்றவர்கள் துணியையோ செய்தித்தாளையோ திணிப்பார்கள். அடுத்த சோதனையில் அது மாட்டிக்கொள்ளும். நான் வேலை தெரிந்தவன் அல்லவா! தகட்டைக் கழற்றி, கீழும் மேலும் இரண்டு துளையையும் சாந்து வைத்து அடைத்து, உள்ளே ஒரு விரல் ஆழம் விட்டுப் பூசி, கறுப்பு வண்ணம் தடவி, தகட்டைத் திரும்ப மாட்டினேன். வெளிச்சுவரிலும் அப்படியே. பார்த்தால் துளை மாதிரியே இருட்டாகத் தெரியும். கைவைத்துப் பார்த்தால்தான் காற்று இல்லை என்று புரியும். யார் கைவைத்துப் பார்க்கிறார்கள்? யனினா ஆட்டுத் தொடை ஒன்றை அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வித்தை தெருவுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்தடுத்து இன்னும் பத்து வீடுகளில் செய்தேன்.

கோடையிலும் இலையுதிர்க் காலத்திலும் ஒன்றும் ஆகவில்லை. கூரை இடுக்கு, ஜன்னல் சட்டம், கதவடி என்று காற்று எங்கே இடம் கண்டாலும் புகுந்து அந்த வீட்டைத் தானாகவே கழுவிக்கொண்டிருந்தது. காற்று நின்றால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததில்லை. கஷேகோஸில் எவனாவது அதை யோசிப்பானா?

மூன்று மணிக்கு வகுப்பு. என்னை நோல்பெர்த்தோ என்று முழுப் பெயரில் கூப்பிடுகிற மிர்த்தா டீச்சர் அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கையளவு தாள்களைக் கொடுத்தார்.

"வீட்டுக்கு வீடு போடுற தாள்தான் இது. அடச்ச வீட்டுல கேஸ் எரிஞ்சா வர்ற விஷப்புகையப் பத்தி கேஸ் கம்பெனிக்காரன் போட்டிருக்கான். நீங்க அதுல மீனைச் சுத்தி எடுத்துட்டு வர்றீங்க. இன்னைக்கு இதத்தான் படிக்கப் போறோம்."

எல்லாரும் சிரித்தோம். என்னுடைய முறை மூன்றாவது பத்திக்கு வந்தது. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் போனேன்.

"ம... ணம்... மணம் இல்லை. நி... றம் இல்லை. த... லை... வலி. வாந்தி. தூ... தூக்கம்."

"நல்லா வருது. மேல போங்க."

"வீட்... டில் உள்ள எல்... லாருக்கும் ஒரே நே... ரத்தில் வரும். வீட்டு வி... விலங்கு..."

"விலங்குகளும்."

"விலங்குகளும் சோர்ந்து கிடக்கும். வெளியே..." அந்தச் சொல்லில் விரல் நின்றுவிட்டது. அடுத்து என்ன வரும் என்று எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "வெளியே வந்தால் தெளியும்."

"ரொம்ப நல்லது, நோல்பெர்த்தோ. இன்னொரு தடவ, நிறுத்தாம."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கோட்டு ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது என்பது மூன்றாவது தெருவில்தான் உறைத்தது.

மண்டபத்திலிருந்து யனினா வீடு ஏழு தெரு. வழியெல்லாம் பனிக்கட்டி கண்ணாடியாய்ப் பூத்திருந்தது. இரண்டு முறை விழுந்தேன். இரண்டாவது முறை முழங்கை எங்கேயோ இடித்தது. வலித்ததா என்று தெரியாது. எதிரே வந்தவன் ஒருவன், "டேய் நோலோ, பொண்டாட்டி துரத்துறாளா?" என்று கத்தினான். வீடுகளின் மேல் புகை நூல் பிடித்த மாதிரி நேரே நின்றது. ஒரு இலை அசையவில்லை. என் வாழ்க்கையில் காற்றுக்காக நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். வீசு, நாயே, வீசு என்று திட்டிக்கொண்டே ஓடினேன்.

பின்னறை ஜன்னலில் உட்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, யாரோ வாளியால் ஊற்றின மாதிரி. அதற்குள்ளே செக்கச் செவேலென்று திரை. கதவைத் தட்டினேன். உதைத்தேன்.

"யனினா! கதவத் தொற! யனினா!"

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. யனினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் என்னைப் பார்த்தது. ஆனால் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

"மெதுவா... அவ தூங்குறா, டான் நோலோ. இப்பத்தான் நல்லாத் தூங்குறா."

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தைல இலை வாசம் மூக்கில் அடித்தது. ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமான வாசம். முதலில் கேஸ் குழாயைத் திருகி அணைத்தேன். ஜன்னல் சட்டத்தில் பசை நாடா ஒட்டியிருந்தாள், திறக்க வரவில்லை. நாற்காலிக் காலால் கண்ணாடியை உடைத்தேன். ஐலின் கட்டிலில் கிடந்தாள். கன்னம் ரோஜாவாய்ச் சிவந்திருந்தது. நல்ல சூட்டில் தூங்கும் குழந்தை என்றுதான் யாரும் சொல்வார்கள். தூக்கினேன். கழுத்து நிற்கவில்லை. ஈரத் துணியைத் தூக்கிய மாதிரி இருந்தது.

"வெளிய கொண்டு போகாதீங்க! பைத்தியமா உங்களுக்கு? மார்ல சளி அவளுக்கு!" யனினா பின்னாலிருந்து என் முதுகில் குத்தினாள். குத்துவதற்குக் கையில் பலமில்லை. வாசற்படியில் தானே மடங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

பனியில் முட்டி போட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். "ஐலின், ஏய், ஐலின். பன்னு எத்தனை இருந்துச்சு? எண்ணிச் சொல்லு. ஐலின்." கன்னத்தில் தட்டினேன். என் கை காறைச் சுவர் மாதிரியானது, எவ்வளவு மெதுவாகத் தட்டுவது என்று தெரியவில்லை. மூச்சு இருக்கிறதா என்று காதை வைத்தால் என் மூச்சுதான் கேட்டது.

சத்தம் கேட்டு என் மனைவி எடெல்மீரா மாவுக் கையோடு ஓடி வந்தாள். தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினாள். எதிர்வீட்டு வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனோம், கண்ணாடியை இறக்கிவிட்டு. ஆஸ்பத்திரி வாசலுக்கு அருகே ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது ஐலின் இருமினாள். அப்படி ஒரு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை.

இரண்டு பேருக்கும் முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். மறுநாள் காலை யனினா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் நின்றேன்.

"கம்பெனிக்காரன் வந்து கேட்டான்" என்றாள். "சல்லடைய யாரு அடைச்சதுன்னு. தெரியாதுன்னேன்."

"நான்தான்னு சொல்லியிருக்கணும்."

"நான்தானே கேட்டேன், அடைங்கன்னு."

"ஆமா. நீ..."

"நான் கேட்டா?" சட்டென்று குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். "நான் கேட்டா நீங்க செஞ்சிருவீங்களா? எனக்கு என்ன தெரியும்? மண்ணு வருது, குளிருது, அதான் எனக்குத் தெரியும். நீங்க கொத்தனாரு. துளை எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். சட்டம் என்று தெரியும். சட்டம் என்றால் கம்பெனிக்காரன் நம்மைப் பிடுங்குவதற்கு வைத்திருப்பது என்றுதான் தெரியும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பூனை செத்துப்போச்சாமே" என்றாள். "எடெல்மீரா சொன்னாங்க. கட்டிலுக்கு அடியில."

ஐலினை மூன்றாம் நாள் அனுப்பினார்கள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இப்போதைக்குச் சொல்லலாம். ஆனால் சளி மார்பில் இறங்கியிருக்கிறது, குழந்தையைக் குளிர் படாமல் வைத்திருக்க வேண்டும், இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்றார் டாக்டர். குளிர் படாமல்! வீட்டுக்கு வந்தால் கேஸ் மீட்டரில் முத்திரை வைத்துச் சிவப்பு அட்டை தொங்குகிறது. அந்த அறைக்கு இனித் திரை கூடாது. குழாய்க் கணப்பு மாட்டி, உரிமம் உள்ளவர் கையெழுத்துப் போட்டு, சோதனை முடிந்த பிறகுதான் கேஸ். குழாய்க் கணப்பு விற்கிற விலைக்கு டாரியோ இரண்டு மாதம் கிணற்றடியில் கிடக்க வேண்டும். அவனோ பனியில் சாலை அடைபட்டு அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

எடெல்மீரா போய்க் கூப்பிட்டாள். "எங்க வீட்டுக்கு வந்துரு, யனினா. அடுப்படியில கட்டில் போட்டுத் தர்றேன்."

"உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் யனினா. "அவரு கட்டின சுவத்துக்குள்ள என் புள்ளைய இனிமே படுக்க வைக்க மாட்டேன்."

"இதுவும் அவரு கட்டினதுதானே?"

"இதுல இப்ப ஜன்னல் கண்ணாடி இல்ல. அது போதும்."

உடைந்த ஜன்னலில் போர்வையை ஆணியடித்திருந்தாள். யாரிடமோ மின் கணப்பைக் கடன் வாங்கிவந்தாள். மாட்டிய மறுநிமிடம் ஃபியூஸ் போய் வீடு இருட்டாயிற்று. ஐலின் கோட்டோடும் தொப்பியோடும் நாலு போர்வைக்கு அடியில் கிடந்து இருமினாள். அந்த இருமல் எங்கள் அடுப்படிக்குக் கேட்டது. நானும் எடெல்மீராவும் ரொட்டியை முன்னால் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு இருமலும் முடிந்த பிறகு அடுத்தது வருமா என்று காத்திருந்தோம். வந்தால் பயம். வராவிட்டால் அதைவிடப் பயம்.

அன்று மத்தியானம் யனினா எங்கள் வேலியோரம் வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு என்னிடம் அவளாகப் பேசியது அப்போதுதான்.

"உங்க பெரிய ஸ்பேனரக் குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

எங்கள் பேட்டையில் முத்திரையை உடைக்காதவன் யார்? இரவில் திருகிவிட்டு, விடிந்ததும் அடைத்துவிட்டு, அட்டையை மறுபடி மாட்டிவைப்பது பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலை.

"யனினா, வேணாம். திரும்ப அதே திரையா?"

"ஜன்னல் ஒடஞ்சு கெடக்குல்ல. காத்து வரும்."

"ராத்திரி குளுந்தா என்ன செய்வே? போர்வைய இன்னும் நல்லா இழுத்து அடிப்பே. நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? சொல்லுங்க!" வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "கேஸப் போட்டா அது கொல்லுது. போடாட்டி குளிரு கொல்லுது. எதுல கொல்லட்டும் நானு? கொத்தனாரு, நீங்களே சொல்லுங்க."

ஸ்பேனர் என் கைப்பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் பொறு என்றேன். அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள். தெருவில் ஸ்பேனர் என் வீட்டில் மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் அடுப்படிச் சுவரில் ஒரு குழாய்க் கணப்பு இருந்தது. ஒன்றே ஒன்றுதான். பெரிய கட்டடம் ஒன்றை இடித்தபோது மேஸ்திரி எனக்குக் கொடுத்தது. வெளிக்காற்றை ஒரு குழாயில் இழுத்து, எரித்த புகையை அதே குழாயின் வழியாக வெளியிலேயே விட்டுவிடும். அறைக் காற்றைத் தொடாது. உளியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றேன்.

"யோவ் கிழவா" என்றாள் எடெல்மீரா. "என்ன பண்ணப் போறே?"

"கழட்டப் போறேன்."

"நாம குளிருக்கு என்ன பண்ண?"

நான் உளியைச் சுவரில் வைத்தேன்.

"முப்பது வருஷமா என் முட்டியில வாதம். அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஆட்டுத் தொடையத் தின்னது நீ. நானும் தின்னேன்." பிறகு கணப்பின் மேல் காயப்போட்டிருந்த காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். "சுவத்த ரொம்பப் பேத்துடாதே. அப்புறம் அடைக்கணும்."

அடைக்கணும் என்ற சொல் இரண்டு பேர் காதிலும் ஒருமாதிரி விழுந்தது. அவள் தலை குனிந்துகொண்டாள்.

கேஸ் வேலைக்கு உரிமம் உள்ளவர் பாமோந்தே, எங்கள் தெருக்கோடியில் இருக்கிறவர். ஒல்லியான மனிதர், எப்போதும் சுள்ளென்று பேசுவார். யனினா வீட்டுக்கு முதலில் கேஸ் குழாய் போட்டுக் கையெழுத்திட்டவரும் அவர்தான். கணப்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன்.

"துளை இருந்தப்பக் கையெழுத்துப் போட்ட எனக்கு, துளை இல்லாத வீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட பேரு" என்றார் கதவைத் திறந்ததுமே. "கம்பெனி என்னையக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேட்டான். நேத்து."

"என்ன சொன்னாலும் தகும். இதுக்குக் கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே."

"திரை சிக்கனம், திரை சிக்கனம்னு ஆடுனீங்களே எல்லாரும். சிக்கனம்தான்டா. ஒரு துளி வெளிய போகாது. நெருப்பு தின்னுட்டுத் துப்பினதும் போகாது. அதையும் நீதான் திங்கணும்."

"பாமோந்தே, புள்ள இருமுது."

அவர் என் கையைப் பார்த்தார். உளி வழுக்கி இரண்டு விரலில் தோல் பிய்ந்திருந்தது.

"மாட்டித் தர்றேன். கையெழுத்தும் போடுறேன். கம்பெனி வாசல்ல போய் உக்காந்து இன்னைக்கே முத்திரைய எடுக்கவும் வைக்கிறேன், ஆஸ்பத்திரித் தாள் இருந்தா எடுப்பான். ஆனா ஒண்ணு. மத்த வீடு எத்தனை?"

நான் கணப்பைத் தள்ளுவண்டியில் நேராக்கினேன்.

"நீ பூசின வீடு, நோலோ. யனினா வீட்டோட நிக்கலேன்னு எனக்குத் தெரியும்."

"பத்து."

"எழுதிக் குடு. வாயால வேணாம், நாளைக்கு நீ இல்லேம்ப. இப்பத்தான் எழுதக் கத்துக்கிட்டியாமே."

"கம்பெனி கேஸ வெட்டிருவான். பத்து வீட்டுலயும். இந்தக் குளிர்ல."

"வெட்டுவான்."

"புள்ளைங்க இருக்கிற வீடு ஆறு."

"அதனாலதான் கேக்குறேன்" என்றார்.

மாலை ஐந்து மணிக்கு யனினாவின் பின்னறையில் கணப்பு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு நீலமாக, நேராக நின்றது. நான் உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி வைத்தேன். யாரும் கேட்காமலே அந்த இரண்டு துளைகளையும் உளியால் பேர்த்தேன். என் சாந்து நல்ல சாந்து, லேசில் விடவில்லை. கடைசிக் கட்டி வெளியே விழுந்தபோது கையை வைத்துப் பார்த்தேன். மெல்லிசாகக் குளிர் உள்ளங்கையில் பட்டது. காற்று திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தத் துளையிலிருந்து நாலு அடி தள்ளிக் கட்டிலை இழுத்துப் போட்டேன்.

ஐலின் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "டப்பா எங்க வைக்கிறது?" என்றாள் கரகரத்த குரலில். "இலை டப்பா."

"இதும் மேலயும் வைக்கலாம், ராசாத்தி" என்றார் பாமோந்தே.

யனினா தண்ணீர் சுட வைத்து, மாட்டே என்கிற கசப்பு இலைத் தேநீர் போட்டாள். சுரைக்குடுவையில் இலையை நிரப்பி முதல் சுற்றைத் தானே உறிஞ்சினாள். போடுகிறவர் முதலில் குடித்துவிட்டு, அதே குடுவையை ஒவ்வொருவருக்காகச் சுற்றி விடுவதுதான் வழக்கம். திரும்ப நிரப்பி பாமோந்தேயிடம் கொடுத்தாள். அவர் குடித்துத் திருப்பித் தந்தார். அடுத்தது அவருக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு வர வேண்டும். அவள் நிரப்பினாள். தானே குடித்தாள். மறுபடி நிரப்பி மறுபடி பாமோந்தேயிடம் கொடுத்தாள். அவர் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு குடித்தார். நான் உளியையும் சுத்தியலையும் பையில் போட்டேன். கதவைத் திறந்தபோது ஐலின் இருமினாள். காலையில் இருமினதைவிடக் கொஞ்சம் ஈரமான இருமல். நல்லதுதான் என்று எடெல்மீரா பிறகு சொன்னாள்.

எங்கள் அடுப்படிச் சுவரில் கணப்பு இருந்த இடத்தில் தலை நுழைகிற அளவு ஓட்டை. எடெல்மீரா அதில் போர்வையை மடித்துச் சொருகியிருந்தாள். காற்று அதை உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்தது. செங்கல் வைத்துச் சாந்து பூச முடியாது, சாந்து உறைந்துவிடும். அவள் கோட்டோடு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கேஸ் அடுப்பின் ஓவனைத் திறந்து எரியவிட்டுச் சூடு காயலாமா என்று அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

வகுப்பு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். கையை வாயில் வைத்து ஊதிக்கொண்டு, ஒவ்வொரு வீடாக எழுதினேன். தெரு. எண். குடும்பப் பெயர். மன்சீஜா வீட்டில் மூன்று பிள்ளைகள். தையல்காரி வீட்டில் படுத்த படுக்கையான தகப்பன். எழுதும்போது அவர்கள் வீட்டுச் சுவரும், நான் கறுப்பு அடித்த துளையும், அதற்குப் பிறகு அவர்கள் போட்ட விருந்தும் ஒவ்வொன்றாக வந்துபோயின. நாளை மறுநாள் இந்தப் பத்து வாசலிலும் சிவப்பு அட்டை தொங்கும். யாருக்கும் கொடுக்க என்னிடம் இன்னொரு கணப்பு இல்லை. விடிந்ததும் உளியோடு போய் நானே ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். எத்தனை பேர் திறப்பார்கள்? திறந்தாலும், துளையைப் பேர்த்துவிட்டு நான் தெருவைத் தாண்டுவதற்குள் அதில் துணி திணிக்காமல் இருப்பார்களா?

ஒன்பதோடு பேனா நின்றது. பத்தாவது வீடு எடெல்மீராவின் தங்கை வீடு.

எடெல்மீரா தாளை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. வரிகளை மட்டும் விரல் வைத்து எண்ணினாள்.

"ஒண்ணு கொறையுது" என்றாள்.

"ஆமா."

"எழுதினா என் தங்கச்சி நாளைக்கு என்னைய வாசல்ல ஏத்த மாட்டா."

"மாட்டா."

சொருகிய போர்வை காற்றில் பிதுங்கி விழுந்தது. அவள் எழுந்து போய் அதைத் திரும்பச் சொருகாமல், பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"எழுது" என்றாள்.